இருபத்தொரு சொட்டு

அய்யனார் கோயில் அருவிக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில் ஈர வேட்டியோடு நின்று, கிழக்கே பார்த்துச் செய்த சத்தியம் இது: இனி வருவதில் ஒரு சொட்டுகூடப் பொய் கலக்கவில்லை. அந்தத் தண்ணீரில் நின்று பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு மூன்றே நாளில் வாய் கோணிக்கொள்ளும். வாய் இதுவரை நேராகத்தான் இருக்கிறது. சத்தியம் செய்து இரண்டு நாள் ஆகிறது.

ராஜபாளையம் சங்கிலிப்பாண்டிக்கு உலகத்தில் முழுதாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று தண்ணீர். இன்னொன்று மகள் மாரிச்செல்வி.

தண்ணீர் தெரிந்தது பட்டாளத்தில். இருபத்துநான்கு வருஷம் ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். லடாக்கில் ஒரு வளைவில் லாரியின் முன்சக்கரங்கள் இரண்டும் பள்ளத்துக்கு மேலே ஆகாயத்தில் சுற்றியபோது, பின்னால் டேங்கில் இருந்த ஐயாயிரம் லிட்டரும் அசையாமல் நின்றதால்தான் வண்டி கவிழவில்லை. ஏன் அசையவில்லை என்றால், இவர் கண்ணாடியில் பார்த்து ஓர் அதட்டுப் போட்டார். அவ்வளவுதான். நாக்கு அதைவிடப் பேர் வாங்கியது. ஓடைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். பனி உருகி எத்தனை நாள் ஆயிற்று, மலையின் எந்தப் பக்கமாக இறங்கியது, வரும் வழியில் கோவேறு கழுதை கால் வைத்ததா, வைத்தது முன்னங்காலா பின்னங்காலா என்பது வரை சொல்லிவிடுவார். பின்னங்கால் என்றால் பட்டாளம் அந்தத் தண்ணீரைத் தொடாது.

மகள் தெரிந்தது அதற்குப் பிறகு. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த எட்டாம் மாதம் மனைவி வெங்கடேஸ்வரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். செல்விக்கு அப்போது பத்து வயது. தலை பின்னத் தெரியாத மனிதர், லாரியில் தார்ப்பாய் கட்டும் முடிச்சிலேயே அவளுக்குச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பள்ளிக்கூட நேரத்தில் அந்தச் சடை ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை. சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் அவிழவில்லை. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அப்பாவும் மகளும் பேசிப் பழகினார்கள்.

அந்த மகளை ஒரு தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் போலீஸ்காரர், தங்கமான பையன். மாமியார் இருளம்மாள் வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. சீர்வரிசையில் சங்கிலிப்பாண்டி பெருமையாக வைத்தது ஒரு துணி துவைக்கும் மிஷின். கப்பல் ஜன்னல் மாதிரி முன்பக்கம் வட்டக் கதவு. தண்ணீரைத் தானே சுடவைத்துக்கொள்ள உள்ளே காயில் என்று ஒரு சூட்டுக் கம்பி.

வீட்டுக்கு வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் சங்கிலிப்பாண்டியின் வகையறாவில் இரண்டு விதிகள் இருந்தன. பெண் கொடுத்த வீட்டுக்குத் தகப்பன் காரணமில்லாமல் போகக் கூடாது. சீர் கொண்டுபோகலாம், நல்லது கெட்டதுக்குப் போகலாம். சும்மா போய் 'பார்க்கணும்போல இருந்தது' என்று நின்றால் மரியாதை கெட்டுவிடும். இரண்டாவது, அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு மட்டுமல்ல, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. இவருடைய அப்பா தன் மகளை எட்டு வருஷத்தில் ஆறு முறை பார்த்தார், ஆறு முறையும் விக்கலோடு திரும்பினார்.

கல்யாணமான நாலாம் மாதம் கொரோனா இரண்டாம் சுற்று வந்தது. சங்கிலிப்பாண்டி தன் வீட்டில் தனியாகப் பதினேழு நாள் படுத்துக் கிடந்தார். ரோட்டை அடைத்திருந்ததால் மகளால் வர முடியவில்லை. போனில் அழுதாள். பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, பைப்பு, டேங்கு, இணைப்பு என்று ஏதோ கத்தினார். ஆள் போனால் போதும் என்று இவர் கையைத் தூக்கி அசைத்தார். கண்ணுச்சாமி தலையாட்டிவிட்டுப் போனார்.

காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரசமும் வெந்நீரும் ஒன்றாயின. ஊறுகாயும் ஈர மண்ணும் ஒன்றாயின. பின்னங்காலைக் கண்டுபிடித்த நாக்கு அது. சங்கிலிப்பாண்டி இதை யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தால் மரியாதைக்குக் கடையிலிருந்து தண்ணீர்க் கேன் வரவழைப்பார். இலையில் உட்கார்ந்ததும் செல்வி முகத்தைப் பார்ப்பார். அவள் முதல் வாயிலே முகத்தைச் சுருக்கினால், "உப்பு ஒரு கல்லு கூடிட்டு" என்பார். அவள் கண் விரிந்தால், "இன்னைக்கி நல்லாருக்கு" என்பார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

மிஷின் நின்றுபோனது கல்யாணமான ஆறாம் மாதத்தில். சீராகக் கொடுத்த பொருள் பழுதென்றால் அது ஒரு காரணம். சங்கிலிப்பாண்டி சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவர் போய்ச் சேர்ந்தபோது இருளம்மாள் பின்கட்டில் நின்று, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "புது மிசினுன்னுதான் சொன்னாவ. ஆறு மாசத்துல உசுர விட்டுட்டு. பாலீஷ் போட்ட பழசோ என்னமோ, யாரு கண்டா."

செல்வி தலையைக் குனிந்து ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியையே திரும்பப் பிழிந்தாள்.

மிஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவன் மெக்கானிக் எபனேசர். ராஜபாளையத்துக்காரன்தான், இரண்டு ஊருக்கும் அலைந்து வேலை பார்ப்பவன். "அம்மா, மிசின வையாதீய," என்றான். "அது என்ன பாவம் பண்ணிச்சு?" பின்பக்கம் கையை விட்டுக் காயிலை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். சுண்டுவிரல் கனத்தில் உள்ளே போன கம்பி, முழங்கை கனத்தில் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. "உப்பு. அம்புட்டும் தண்ணில உள்ள உப்பு. சூடு பண்ணப் பண்ண இதுமேல படிஞ்சுரும். பொறவு சூடு வெளிய போவ வழியில்லாம கம்பி வெந்து செத்துப்போவும்."

பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தான். குழாய்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, ஒரு சிட்டிகைப் பொடி போட்டான். தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆயிற்று. இன்னொரு குப்பியிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினான். "நல்லாப் பாத்துக்கிடுங்க. இது எப்ப நீலமாவுதோ அது வரைக்கும் எண்ணணும். நல்ல தண்ணின்னா மூணு சொட்டுல மாறிரும்."

எல்லோரும் எண்ணினார்கள். இருபத்தொன்றாவது சொட்டில் நீலமானது.

அந்தத் தெருத் தண்ணீரைப் பற்றி வேறு யாரும் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். கொடியில் காயப்போட்ட துண்டை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தால் தானே நிற்கும். மாப்பிள்ளையின் காக்கிச் சட்டை ஒரு நாள் காய்ந்து விறைத்து வாசல் பக்கம் நின்றபோது, கோழி திருட வந்தவன் அதைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டு, முந்தின வாரம் எடுத்த கோழியையும் விட்டுவிட்டுப் போனான். குளியலறை ஷவரில் எல்லா ஓட்டையும் அடைத்துப்போய் ஒன்றே ஒன்று மிச்சம். அதிலிருந்து ஊசி மாதிரி வந்த தண்ணீர் சோப்பைத் துளைத்து, சோப்புப்பெட்டியைத் துளைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவரின் முதுகில் விழுந்தது. அவர் மழை என்று நினைத்தார்.

சங்கிலிப்பாண்டி மகளின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளை பூத்து வெடித்திருந்தது.

"தண்ணிதான் குத்தம்னா, தண்ணிய நான் கொண்டாறேன்," என்றார்.

"என்னண்ணே பேச்சு இது?" என்றாள் இருளம்மாள். "அங்கன இருந்து இங்கனக்கித் துணி துவைக்கத் தண்ணியா? ஊரு சிரிக்கும்."

"பதினெட்டாயிரம் அடிக்கு மேல தண்ணி ஏத்துனவன் நான், தங்கச்சி. இது என்ன, ஒரே சமதளம்."

 சங்கிலிப்பாண்டிக்கே உள்ளுக்குள் ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாக்கியத்தில், வருஷத்துக்கு மூன்று முறை என்பது வாரத்துக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. அதுவும் விதியை மீறாமல், கையில் காரணத்தோடு.

புதன்கிழமையும் சனிக்கிழமையும். வீட்டுப் பின்புறக் குழாயில் இரண்டு இருபத்தைந்து லிட்டர் கேன்களை வழிய வழியப் பிடிப்பார். அந்தக் குழாய் இவர் வீடு கட்டியபோது போட்ட குழாய், மலைத் தண்ணீர் வந்த குழாய். முதன்முதலில் திறந்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, "இது முந்தாநாள் மழை, செண்பக மரத்தடி வழியா வந்திருக்கு" என்று சொன்ன குழாய். கேன்களை எக்ஸெல் மொபெட்டில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு, லடாக் வேகத்திலேயே ஓட்டுவார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். சைக்கிள்காரர்கள் தாண்டிப் போகும்போது நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒரு சொட்டு சிந்தியதில்லை.

பின்கட்டுச் சுவர் மேல் ஒரு டிரம். கேன்களை அதில் கவிழ்த்ததும் தண்ணீர் குழாய் வழியாக மிஷினுக்கு இறங்கும். அது முடியும்வரை அவர் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருக்க வேண்டியதில்லைதான். டிரம்மில் தண்ணீர் நிற்பதை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவராகச் சொல்லி, அதுவும் வழக்கமாகிவிட்டது. செல்வி பின்வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

மிஷினின் குமிழில் பதினாறு புரோகிராம்கள். பதினைந்து நிமிஷத்தில் முடிவதும் உண்டு. செல்வி எப்போதும் கடைசிக்குத்தான் திருகுவாள். தொண்ணூறு டிகிரிச் சூடு, இரண்டு மணி ஐம்பது நிமிஷம்.

மூன்றாவது வாரம் சங்கிலிப்பாண்டி கண்ணாடிக் கதவில் எட்டிப்பார்த்தார். உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இதுக்கா இம்புட்டு நேரம்?"

"கறைப்பா. போவ மாட்டேங்கு."

அவர் மறுபடி பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாக இருந்தது. அடுத்த புதனும் அதே கைக்குட்டைதான். நாலாம் மாதம் அது வெயிலில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துபோயிற்று. வேறொன்று போட்டார்கள்.

அந்த இரண்டு மணி ஐம்பது நிமிஷத்தில் என்ன பேசுவார்கள்? ஒன்றுமில்லை. சேத்தூர்ச் சித்தப்பாவின் மாடு, தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம், அவர் காலில் வந்த ஆணி. நடுவில் ஒருமுறை செல்வி எழுந்துபோய் காப்பி போட்டுக்கொண்டு வருவாள். "குடிங்கப்பா" என்று நீட்டுவாள். "அதுக்குக் காலம் வரட்டும் தாயி" என்பார். அவர் மடியில் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும். அவள் அந்தக் காப்பியைத் தானே குடித்துவிடுவாள். ஒருமுறைகூட நீட்டாமல் இருந்ததில்லை, ஒருமுறைகூட அவர் வாங்கியதில்லை.

காலம் வருவதுபோல இரண்டு தடவை வந்தது. முதல் தடவை இரண்டாம் மாதத்தில் கலைந்தது. அடுத்தது நாலாம் மாதம்வரை போயிற்று. அன்று புதன்கிழமை. மிஷின் கடைசிச் சுற்றில் வீடே அதிர ஓடிக்கொண்டிருந்தபோது செல்வி ஏதோ சொன்னாள். இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. உள்ளே மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் அந்த நேரம் பார்த்துச் சொன்னாள். வாய் அசைவதை மட்டும் பார்த்தார். மிஷின் நின்றபோது அவள் பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். சங்கிலிப்பாண்டி, "சரி தாயி," என்றார். "சரி."  அன்று திரும்பும்போது வண்டியில் இருந்த காலிக் கேன்கள் இரண்டும் நிறைகேன்களைவிடக் கனமாக இருந்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் போக வேண்டாத வண்டி அந்தப் பக்கமே போய், ஒன்பது கிலோமீட்டர் தாண்டித்தான் நின்றது.

மிஷின் மட்டும் தேறவில்லை. நல்ல தண்ணீர் குடித்தும் ஏழெட்டு மாதத்துக்கு ஒரு காயில் வெந்தது. ஒவ்வொரு தடவையும் எபனேசர் அந்த வெள்ளை உலக்கையை இழுத்துப் போட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, நீங்க கொண்டாற தண்ணி மட்டுந்தான ஊத்துறீய?"

"பொறவு என்ன, சாக்கடையவா ஊத்துறேன்?"

"இல்ல, மலைத் தண்ணில இப்பிடிப் படியாதே."

"ஏலே எபி, அது மொத ஆறு மாசத்துல குடிச்ச உப்புலே. உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கெடந்து இப்ப வருது. மனுசனுக்கு மலேரியா திரும்பித் திரும்பி வரல?"

எபனேசரின் பையில் குப்பி இருந்தது. கேன் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. ஆனால் மகளுக்கு நகை போட்ட தகப்பன் எதிரில் உரைகல்லை எடுக்கிற மாதிரி அது. அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், பிறத்தியார் மனசு நோகப் பேசாதவன். குப்பியை எடுக்கவில்லை.

சங்கிலிப்பாண்டியின் வீட்டில் ஒரு மின்சாரக் கெட்டில் இருந்தது. முன்பெல்லாம் நாலு டம்ளர் பிடிக்கும். பிறகு மூன்று பிடித்தது, பிறகு ஒன்றரை. வயதானால் மனிதர்கள் சுருங்குகிறார்கள், கெட்டில் மட்டும் விதிவிலக்கா என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி நாலு வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மாதம், கேனை டிரம்முக்குத் தூக்கும்போது அவர் பாதியில் கீழே இறக்கிவைத்துவிட்டு, வாளியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். கதவு இடுக்கில் நின்று பார்த்த இருளம்மாள் உள்ளே போனாள். அவள் மனசு மோசமில்லை என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

அடுத்த சனிக்கிழமை சங்கிலிப்பாண்டி கேன்களோடு உள்ளே நுழைந்தபோது, பின்கட்டில் அவர் உட்காரும் வாளி இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு நீல நிறத்தில் ஒரு உருளை நின்றது. பக்கத்தில் புது மிஷின். பழையது ஓரமாக, சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"சாப்ட்னராம்ணே," என்றாள் இருளம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. "தண்ணில உள்ள உப்ப அப்பிடியே உறிஞ்சிருமாம். ஒங்க மாப்பிள்ளைட்ட மல்லுக்கட்டி வாங்கவச்சேன். எம்புட்டு நாளுதான் எங்க துணிக்கு நீங்க சுமப்பீய? என் கூடப்பொறந்த அண்ணனா இருந்தா விடுவனா? இனிமே நீங்க அலைய வேண்டாம்ணே. நிம்மதியா வீட்டுல இருங்க."

மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்றார். "ஆமா மாமா. எங்களுக்கே கூச்சமா இருந்துச்சு."

சங்கிலிப்பாண்டி கேன்களைப் பிடித்தபடி நின்றார். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரித்தார். "ரொம்ப நல்லதாப்போச்சு தங்கச்சி," என்றார். இத்தனை அன்பாக ஒரு கதவைச் சாத்தினால் அதை எப்படித் தட்டுவது என்று பட்டாளத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'எனக்குச் சுமக்கப் பிடிக்கும்' என்று சொல்லலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

"கொண்டாந்தத வீணாக்க வேண்டாம்," என்று கடைசியில் சொன்னார். "இன்னைக்கி மட்டும் பழசுல ஒரு ஓட்டு ஓட்டிருவோம்."

மாமியாரும் மகனும் உள்ளே போனார்கள். பழைய மிஷினை அப்பாவும் மகளுமாகத் திருப்பி வைத்தார்கள். செல்வி கைக்குட்டையைப் போட்டு, குமிழைக் கடைசிவரைக்கும் திருகினாள். வாளி எங்கே என்று தேடி எடுத்துவந்து போட்டாள். படியில் உட்கார்ந்தாள். உரிப்பதற்குப் பூண்டு இல்லை. இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வழக்கம்போல எழுந்துபோனாள். வழக்கம்போலக் காப்பியோடு வந்தாள்.

"குடிங்கப்பா."

சங்கிலிப்பாண்டி டம்ளரை வாங்கினார்.

செல்வியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்தக் காப்பியை அவர் வாங்கப்போவது எந்த நாளில் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தொட்டிலில் ஒன்று படுத்திருக்கும், உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும் என்று. தொட்டில் இல்லாமலே அவர் வாங்கிவிட்டார். இனிமேல் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை என்று தகப்பன் சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

"அப்பா, வேண்டாம்ப்பா," என்றாள். "குடுங்க. வேற போட்டுத் தாரேன்."

"எதுக்குட்டி? நல்லா மணமாத்தான இருக்கு."

அவள் ஏன் வேறு போடுகிறேன் என்றாள் என்பது அவருக்குத் தெரியாது. எப்படியும் அவர் குடிக்கப் போவதில்லை என்பதால், இந்த நாலு வருஷமும் அவள் அந்தக் காப்பியை வீட்டுக் குழாய்த் தண்ணீரில்தான் போட்டாள். அப்பா சுமந்துவந்த தண்ணீரில் ஒரு டம்ளரைத் தன் வாய்க்காக எடுக்க அவளுக்கு மனசு வந்ததில்லை. அந்தக் குழாய்த் தண்ணீர்க் காப்பியை வாயில் வைத்த வெளியூர்க்காரர்கள் யாரும் விழுங்கியதில்லை. ஒருவர் விழுங்கினார், அவர் பல் செட்டு கரைந்துவிட்டது.

சங்கிலிப்பாண்டி ஒரு வாய் குடித்தார். பார்த்துச் சொல்ல எதிரில் ஒரு முகம் வேண்டும். செல்வி குடிக்கவில்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவராகத்தான் ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டாவது வாயும் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"நம்மூர்த் தண்ணி," என்றார். "நாக்குல பட்ட ஒடனே சொல்லிருதுல்லா. சும்மாவா நாலு வருசம் சுமந்தேன்? அந்த இனிப்பு வேற எதுல வரும்?"

மிஷின் கடைசிச் சுற்றுக்கு வந்து அதிரத் தொடங்கியது.   செல்வி அவருடைய நாக்கைப் பார்த்தாள், பிறகு மேலே டிரம்மைப் பார்த்தாள், பிறகு ஓரத்தில் கிடந்த காலிக் கேன்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அவற்றையே பார்த்தாள்.

அவள் முகத்தில் இருந்து படிக்கப் பழகிய மனிதர் அவர். நாக்கு விஷயம் தெரிந்துபோயிற்று என்பது அவருக்குப் புரிந்தது. அதற்கு அப்பால் அவள் எதைக் கூட்டிக்கழித்தாள் என்பது புரியவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரொம்ப நல்லாருந்துச்சு தாயி."

"சரிப்பா," என்றாள் செல்வி. "இன்னொரு டம்ளர் போட்டுட்டு வரவா?"

வாசலில் அவர் வண்டியை எடுக்கும்போது, "பொங்கலுக்கு வருவீயல்ல?" என்று கேட்டாள்.

"சீர் இருக்குல்லா. வராம?"

சித்திரைக்கும் தைக்கும் நடுவில் எட்டு மாதம் இருந்தது. 

பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போட விடாமல் சங்கிலிப்பாண்டி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுப் பின்புறத்தில், அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்தார். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அதில் ஒரு கைக்குட்டையைப் போட்டு, குமிழைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டு, எதிரில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இரண்டு மணி ஐம்பது நிமிஷம். சேத்தூர்ச் சித்தப்பாவின் மாட்டைப் பற்றிப் புதிதாகச் செய்தி வந்தால் அதையும் சொன்னார். கடைசிச் சுற்றில் மிஷின் அதிர்ந்து அதிர்ந்து, தரையில் தானே நடந்து, ஒரு சனிக்கிழமை வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு வரைக்கும் போய்விட்டது. பிளக்கின் வயர் அவ்வளவுதான் நீளம் என்பதால் நின்றது.

கார்த்திகையில் அதுவும் மூச்சை விட்டது. எபனேசரை வரச்சொன்னார்.

எபனேசர் மிஷினைப் பிரித்தான். காயிலை இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான். வெளியே வந்தது முழங்கை கனத்தில் இல்லை, தொடை கனத்தில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் குழாயைப் பார்த்தான். குழாயிலிருந்து சுவர் ஏறிப் போகும் பைப்பைப் பார்த்தான். பைப் சுவரைத் தாண்டி, கண்ணுச்சாமி வீட்டு மாடியில் இருந்த டேங்கில் போய்ச் சேர்ந்தது. அங்கே புதிதாக ஒரு போர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. புதிதல்ல, காய்ச்சலில் கிடந்து இவர் ஜன்னலில் கையசைத்த நாளிலிருந்து நாலரை வருஷமாக ஓடும் சத்தம்.

"என்னலே முழிக்க?" என்றார் சங்கிலிப்பாண்டி. "நல்ல தண்ணில எப்பிடிலே வெந்துச்சு? அந்தக் குப்பிய எடு. சோதிச்சுப் பாரு. எம் மவளுக்கு நான் என்ன தண்ணி கொண்டு போனேன்னு நீயே எண்ணிச் சொல்லு."

எபனேசர் குப்பியை எடுத்தான். குழாயைத் திறந்து கோடு வரை பிடித்தான். பொடி போட்டான். வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் அசைவது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அசைந்தது. உதடு ஜெபம் பண்ணுவதுபோல முணுமுணுத்தது.

வாளியில் உட்கார்ந்தபடி சங்கிலிப்பாண்டி காத்திருந்தார். சுடவைத்த கெட்டிலில் இப்போது அரை டம்ளர்தான் பிடித்தது. அதை அவனுக்காக எடுத்துவைத்திருந்தார்.

"எத்தன?"

எபனேசர் திரும்பினான். குப்பியை உயர்த்திக் காட்டினான். நல்ல நீலம், புரட்டாசி வானம் மாதிரி.

"மூணு, அண்ணாச்சி."

"சொன்னம்ல?"

"மூணே மூணு."

"அப்ப மிசினுக்கு வயசாயிட்டு."

"ஆமா அண்ணாச்சி. வயசுதான்."

சங்கிலிப்பாண்டி போனை எடுத்தார். அன்று புதன்கிழமை, சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது. "தாயி, நம்ம தண்ணி மூணு சொட்டாம். எபி இப்பத்தான் எண்ணிச் சொன்னான்," என்றார்.  அந்தப் பக்கம் செல்வி, "எனக்குத் தெரியும்பா," என்றாள்.

அந்தக் குப்பி நீலமானது முப்பத்துநான்காவது சொட்டில்.